கண்ணாடியில் முளைத்த வெள்ளை நூல்கள்

சித்தப்பாவின் வண்ணமீன் கடையிலிருந்து அவளைத் துரத்தி நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. காரணம், குஞ்சுகள். முட்டை பொரிக்கும் தொட்டியில் முதல் நாள் இமை முடி போல இருநூறு குஞ்சு நீந்தும். நாலாம் நாள் முப்பதுகூட மிஞ்சாது. செத்துக் கிடப்பதையும் யாரும் பார்க்கவில்லை. கடைச் சாவி இருந்ததோ இரண்டு பேரிடம்தான். சித்தப்பா தன்னைத் தானே சந்தேகப்பட முடியுமா? அண்ணன் மகளைச் சந்தேகப்பட்டார். குஞ்சுகளை அள்ளிப் போய் எதிர்க்கடையில் கொடுத்துவிட்டாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அவள் அப்பாவிடமும் சொன்னார். அவள் போன பிறகும் குஞ்சு குறைந்தபோது, இன்னொரு சாவி செய்து வைத்திருக்கிறாள் என்றார்.

அப்பா அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அவளைத் தின்றது அதுதான்.

பிறகு ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில் இருந்த மீன் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அதில் இருந்த செடிகள் சித்தப்பா கடையில் வாங்கியவை. ஒரு மதியம் கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளை நூல்கள் முளைத்திருப்பதைக் கண்டாள். எதையும் எழுதிவைக்காமல் அவளுக்கு நம்பிக்கை வராது. அதற்காகவே சித்தப்பா அவளுக்கு ‘நோட்டு’ என்று பெயர் வைத்திருந்தார். முதலில் ‘பூஞ்சை?’ என்று எழுதினாள். தூரிகையால் தொட்டதும் நூல் சுருங்கிப் புள்ளியானது. பூஞ்சை சுருங்காது. அடித்துவிட்டு, ‘உயிர் இருக்கிறது’ என்று எழுதினாள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது நூலின் நுனியில் ஆறு கைகள் தெரிந்தன. ஒரு சின்ன நீர்ப்பூச்சி அதில் ஒரு கையில் பட்டது, ஒட்டிக்கொண்டது, உள்ளே போனது.

மூன்று புத்தகங்களில் படம் ஒப்பிட்டு, மூன்றிலும் ஒன்றே சொன்ன பிறகுதான் ஹைட்ரா என்று எழுதினாள். செடியோடு ஒட்டி வரும், குஞ்சு மீனைத் தின்னும். குஞ்சுகள் குறையத் தொடங்குவதற்கு முன்னால்தான் சித்தப்பா புதுச் செடிக்கட்டு ஒன்று வாங்கிவந்திருந்தார். இரண்டு வாரம் தனி வாளியில் போட்டுவைக்கலாம் என்று அவள் சொன்னாள். செடிக்கு என்ன காய்ச்சலா அடிக்கிறது என்று சிரித்துவிட்டு, அப்படியே குஞ்சுத் தொட்டியில் இறக்கியவர் அவர்.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். கடை நிறைந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்காக நான்கு நாள் காத்திருந்தாள். அதற்குள் இன்னும் எத்தனை குஞ்சு போகும் என்று கணக்குப் போட்டாள். போகட்டும் என்றிருந்தது. இப்படி நினைப்பது சரியா என்று ஒரு வரி எழுதி, அதையும் அடித்தாள்.

"வாம்மா நோட்டு. எதையாவது விட்டுட்டுப் போயிட்டியா, இல்ல எடுத்துட்டுப் போக மறந்துட்டியா?" என்றார் சித்தப்பா. வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. கல்லாவில் இருந்த சித்தியைக் கூப்பிட்டுக் குஞ்சுத் தொட்டியின் முன் உட்கார வைத்தாள். காற்று பம்பை நிறுத்தி, தண்ணீர் அடங்கும்வரை பொறுத்திருந்து, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். சித்தி வேண்டாவெறுப்பாகத்தான் குனிந்தாள். கொஞ்ச நேரத்தில் மூச்சை உள்ளிழுத்தாள்.

"ஏங்க, இது குஞ்சைப் புடிச்சு முழுங்குதுங்க."

கடை முழுக்கக் கேட்டது. சிரித்தவர்கள் இருவரும் பூதக்கண்ணாடிக்கு வரிசையில் நின்றார்கள். கடைசியாகப் பார்த்தவர் சித்தப்பா. வெகுநேரம் பார்த்தார்.

பின்கட்டுக்கு அவளை அழைத்துப் போனதும் குரல் இறங்கியது. "சரி, நடந்தது நடந்துபோச்சு. மருந்து வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன். முதல்ல அப்பாவுக்கு போன் போடுங்க சித்தப்பா. ஸ்பீக்கர்ல."

சாயங்காலம் வீட்டுக்கே வந்து பக்குவமாகச் சொல்கிறேன் என்றார். அண்ணன் தம்பிக்குள் ஆயிரம் இருக்கும் என்றார். அவள் மருந்துப் பொட்டலத்தை வெளியே எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்பப் பைக்குள் போட்டாள். சித்தப்பா போனை எடுத்தார்.

"அண்ணே, அந்தக் குஞ்சு விஷயம்... புள்ள எடுக்கல. ஏதோ பூச்சி தின்னிருக்கு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் வந்தது. "சரி விடு. நான் அத நம்புனேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாத."

சித்தப்பா பதறிப்போய் போனை அணைத்தார். எல்லாம் கேட்டாகிவிட்டது.

இந்த ஒரு பேச்சுக்காகத்தான் இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வந்துவிட்டது. நெஞ்சின் கனம் குறையவில்லை. பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அப்பா அதை நம்பியதை யார் திரும்ப வாங்குவது?

பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். நாய்களுக்குக் கொடுக்கும் பூச்சி மாத்திரையின் பொடி. எவ்வளவு போட வேண்டும், மறுபடி எப்போது, தண்ணீரை என்றைக்கு மாற்ற வேண்டும் என்று நிதானமாகச் சொன்னாள். மீனை அது ஒன்றும் செய்யாது. நத்தையைத்தான் கொன்றுவிடும். நத்தைகளை முதலில் வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும் என்று வரும் வழியெல்லாம் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

கதவிடுக்கில் குஞ்சுத் தொட்டி தெரிந்தது. சித்தப்பா தன் கையாலேயே வெள்ளரித் துண்டு ஊட்டி வளர்க்கிற கோடு போட்ட நத்தைகள், ஏழும், கண்ணாடியில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தன.

"வேற ஏதாவது கவனிக்கணுமாம்மா?" என்றார் சித்தப்பா. அவர் அவளை நோட்டு என்று கூப்பிடாதது இதுதான் முதல் தடவை.

"ஒண்ணுமில்ல சித்தப்பா. அளவு மட்டும் குறையாமப் போடுங்க," என்றாள்.