ஏழா, எட்டா?

பிழிந்தெடுத்த தன் பால் இருந்த குட்டி பாட்டிலைக் கிளியம்மாளிடம் நீட்டிவிட்டு மிருதுளா அன்றைக்கும் திரும்பி நடக்கப் பார்த்தாள். பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. அதில் ஒன்பது நாளாக இதுதான் நடக்கிறது.

"இன்னாம்மா, பால மட்டும் குட்த்துட்டு ஓட்றே? நான் இன்னா பால் பூத்தா வச்சிக்கினு கீறேன்?" என்றாள் கிளியம்மாள்.

குறைமாதக் குழந்தைகள் வார்டின் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற ஆயா அவள். உள்ளே போகிறவர்கள் வளையலைக் கழற்றினார்களா, முழங்கை வரைக்கும் சோப்பு போட்டார்களா என்று பார்ப்பது அவள் வேலை. தாம்பரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். வாய் சும்மா இருக்காது.

"நாளைக்கு வரேன் ஆயா. இன்னிக்குத் தலைவலி."

"நேத்து வவுத்துவலி. நாளைக்கு இன்னா, பல்லுவலியா?"

சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டு மிருதுளா படியிறங்கிவிட்டாள்.

அவளைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள், கண்ணுகளா. பெற்ற பிள்ளையைப் பார்க்க மனமில்லாமல் போகிறவள் இல்லை அவள். பார்த்துவிட்டால் என்ன ஆகுமோ என்றுதான் போகிறாள். அதைச் சொல்லுகிறேன்.

பிரசவ அறையிலிருந்து அவளை வெளியே தள்ளிக்கொண்டு வரும்போது மாமியார் சுந்தரவல்லி, மகனிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏழு முடிஞ்சுதாடா, எட்டு ஆரம்பிச்சுடுத்தா?" என்பது. ஏழாம் மாதத்தில் பிறந்தால் பிழைத்துக்கொள்ளும், எட்டில் பிறந்தால் நிற்காது என்று ஒரு பேச்சு உண்டே, அந்தப் பயம். ஷ்யாம்சுந்தர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஏழுதாம்மா. அதுவே இன்னும் முடியல."

ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடிக்கொண்டிருந்த மிருதுளாவின் காதில் அது விழுந்தது. அவள் கோவிலம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பொய்யான விடை காதில் விழுந்தால் சும்மா இருக்க முடியுமா? டாக்டர் சொன்னது முப்பத்து மூன்று வாரம், இரண்டு நாள். இருநூற்று முப்பத்து மூன்று நாள். இருபத்தெட்டு நாள் ஒரு மாதம் என்று போட்டால் எட்டு மாதமும் ஒன்பது நாளும். முப்பது என்று போட்டால் ஏழு மாதமும் இருபத்து மூன்று நாளும், அதாவது ஓடுகிற மாதம் எட்டு. கரு தங்குவதற்கு முந்தின முதல் இரண்டு வாரத்தைத் தள்ளிவிட்டுப் போட்டுப் பார்த்தாள். அப்போதும் ஏழு முடிந்துவிடுகிறது. எப்படிப் போட்டாலும் எட்டு எங்கேயாவது வந்து நின்றுகொண்டது.

ஷ்யாமோ போனில் யார் கேட்டாலும் ஏழு என்றே சொன்னான். பெரியப்பாவிடம் சொன்னான். இரும்புலியூர் அபார்ட்மென்ட் செகரட்டரி ஸ்ரீரங்கனிடம்கூடச் சொன்னான். சொல்லும்போது குரல் ஒரு படி இறங்கும். அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லாதவன் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? அப்படியென்றால் இவனும் நம்புகிறான். இவனும் பிள்ளை நிற்காது என்று நினைக்கிறான். இதுதான் அவள் நெஞ்சில் முள்ளாக ஏறி உட்கார்ந்துகொண்டது.

முதல் மூன்று நாள் உள்ளே போய்ப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்தது பிள்ளை. குதிகால் அவள் கட்டைவிரல் நுனி அளவுதான் இருந்தது. "நெஞ்சோட சேர்த்து வச்சுக்கோங்க மேடம், கங்காரு மாதிரி. வெயிட் நல்லா ஏறும்" என்றாள் நர்ஸ் கோகிலவாணி. மிருதுளாவின் கை பாதி தூரம் போய்த் திரும்பிவிட்டது. தொட்டுவிட்டால் அப்புறம் பறிகொடுக்க முடியாதே. நாலாம் நாளிலிருந்து வாசலோடு சரி.

காலை ஒன்பது மணிக்கு ஷ்யாம் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பெருங்குடி ஆபீசுக்குப் போய்விடுவான். வீட்டில் மாமியார், மருமகள் பிள்ளை பக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பார். அவளோ தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்து மின்சார ரயிலில் ஏறி வண்டலூரில் இறங்குவாள். எதிர் பிளாட்பாரத்துக்குப் போய்த் திரும்பி வருவாள். மறுபடி ஏறுவாள். உட்கார இடம் இருந்தாலும் நிற்பாள். பச்சை உடம்புக்காரி, தையல் போட்ட இடம் சுரீர் என்கும். நின்றால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. ரயில் நின்றுவிட்டால்தான் தாங்காது.

அன்றைக்குப் பெருங்களத்தூர் தாண்டியதும் பெண்கள் பெட்டியில் ஒரு கைக்குழந்தை வீரிட்டது. யார் பெற்ற பிள்ளையோ. மிருதுளாவின் மார்பு இரண்டும் சட்டென்று கல்லாகி, நெறி கட்டின மாதிரி வலித்து, பால் தானாக இறங்கிச் சுடிதார் நனைந்துவிட்டது. துப்பட்டாவை இழுத்து மூடினாள். எதிரில் கீரைக்கட்டுக் கூடையோடு இருந்த அம்மாள் பார்த்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"எத்தினி மாசம்மா?"

இங்கேயுமா அந்தக் கேள்வி?

"எட்...டு..."

"எட்டு மாசமா? அப்போ தவழுமே! வூட்ல யாரு பாத்துக்கினு கீறாங்க?"

அப்போதுதான் புரிந்தது. இந்த அம்மாள் கேட்டது பிறந்த பிறகு ஆன மாதத்தை. மிருதுளா பன்னிரண்டு நாளாகப் பின்பக்கமாகவே எண்ணிக்கொண்டிருந்தாள். முன்பக்கமாக எண்ண வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"இல்லம்மா... பன்னெண்டு நாள்."

"அய்ய! பன்னெண்டு நாள் புள்ளைய உட்டுட்டு இன்னாத்துக்கு ரயிலேறிக்கினு கீறே? பசிச்சிருக்கும், போ."

வண்டலூரில் இறங்கி அடுத்த வண்டியைப் பிடித்தாள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவருகிலேயே நின்றாள். தாம்பரத்தில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. நடந்தே போனாள்.

மூச்சு வாங்க அவள் வந்து நின்றதைப் பார்த்ததும் கிளியம்மாள் ஸ்டூலை விட்டு எழுந்து கதவை மறித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா இந்நேரத்துல? கொஞ்சம்... கொஞ்சம் இரு. நான் சிஸ்டரக் கூப்புடுறேன்."

கண்ணுகளா, ஒன்பது நாளாக உள்ளே வா, வா என்று கூப்பிட்டவள் இன்றைக்கு மறித்தால் ஒரு தாய் என்ன நினைப்பாள்? கதவுக் கண்ணாடி வழியே மிருதுளா எட்டிப் பார்த்தாள். ஜன்னலோரம் மூன்றாவது பெட்டி. 'மிருதுளா பேபி' என்று ஒட்டியிருக்கிற பெட்டி. உள்ளே துணி இருந்தது. பிள்ளை இல்லை.

"எங்க ஆயா? எங்க என் குழந்தை?"

"அடக் கடவுளே, அப்டி இல்லம்மா! நல்லாக்கீது, நல்லாக்கீது. சாரு சொல்லாதேன்னாரு, அதான்... சரி உடு. கைய கழுவு மொதல்ல. வளையல கழட்டு."

கழுவினாள். சோப்பு இரண்டு முறை கீழே விழுந்தது.

உள்ளே பச்சைத் திரைக்குப் பின்னால் சாய்வு நாற்காலியில் ஷ்யாம் உட்கார்ந்திருந்தான். ஆபீஸ் சட்டையின் பொத்தான் எல்லாம் திறந்திருந்தது. கழுத்தில் ஆபீஸ் அட்டை முதுகுப்பக்கம் தொங்கியது. நெஞ்சின் மேல், ஒரு துணிக்குள், தவளைக்குஞ்சு மாதிரி பிள்ளை. அவன் அசையாமல் சிலையாக இருந்தான். வியர்வை மட்டும் காதோரம் இறங்கிக்கொண்டிருந்தது.

அவளைப் பார்த்ததும் திருடன் மாதிரி விழித்தான்.

"எத்தனை நாளா?"

"அஞ்சாம் நாள்லேருந்து. சிஸ்டர் போன் பண்ணாங்க, நீ உள்ள வரதில்லன்னு. பதினோரு மணிக்குப் பர்மிஷன் போட்டுட்டு வந்துடுவேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

பக்கத்து மெஷின் ஒன்று கீச்சிட்டு அடங்கியது.

"எல்லார்கிட்டயும் ஏழு மாசம்னு எதுக்குப் பொய் சொல்ற ஷ்யாம்?"

"அம்மா பயப்படுவாங்கன்னு."

"அம்மா மட்டுமா?"

அவன் பிள்ளையின் தலையைப் பார்த்தான். குரல் அந்த ஒரு படி இறங்கியது. "நானும்தான். இன்ஜினியரிங் படிச்சவன், வெக்கமா இருக்கு. ஆனா தெனமும் இவனத் தூக்கறப்போ அதான் ஞாபகம் வருது. எட்டு, எட்டுன்னு."

"எனக்கும்" என்றாள் மிருதுளா. சொன்னதும் பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக அழுதாள்.

பால் டியூபைச் சரிபார்க்க வந்த கோகிலவாணி நின்று கேட்டுவிட்டாள். "மேடம், நீங்க கணக்கு டீச்சர்தானே? வயித்துக்குள்ள ஒரு வாரம் கூட இருந்தா அந்தளவுக்கு நுரையீரலுக்கு நல்லது. ஏழுல வந்ததவிட எட்டுல வந்தது தேவலை. இவன் வெயிட் நேத்திக்கு நாப்பது கிராம் ஏறியிருக்கான். இன்னும் குழாய் எடுக்கல, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஏறறான்."

கதவோரம் தலையை நீட்டியிருந்த கிளியம்மாள் விடவில்லை. "ஏழு இட்லி பெருசா, எட்டு இட்லி பெருசா? இதுக்கா ரெண்டு பேரும் இவ்ளோ பேஜார் பண்ணிக்கினீங்க?"

ஷ்யாமுக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சு குலுங்க, பிள்ளை முகத்தைச் சுளித்தது. "சிரிக்காத, சிரிக்காத" என்று மிருதுளா பதறிக் கையை நீட்டினாள். இந்த முறை கை பாதியில் திரும்பவில்லை.

நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். கோகிலவாணி பிள்ளையை எடுத்து அவள் நெஞ்சில் வைத்தாள். ஒரு கிலோ அறுநூறு கிராம். இத்தனூண்டு கனம், இவ்வளவு சூடு. துணியை இழுத்துக் கட்டினார்கள்.

வெளியே ஷ்யாம் போனில் பேசுவது கேட்டது. "அம்மா, ஒண்ணு சொல்லணும். ஏழு இல்லம்மா, எட்டு. ஆமா, நிச்சயமா எட்டு. கொழந்தையா? மிருதுளா மேல தூங்கறான்."

அவள் மனசு அடங்கிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். குழாய் இன்னும் இருக்கிறது. மெஷின் கீச்சிட்டால் தூக்கிவாரிப் போடுகிறது. வலது கால் தன்னால் ஆடிக்கொண்டே இருந்தது, ரயிலில் நிற்கிற மாதிரி. அவள் தொடையை அழுத்திப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள்.

கால் நின்றதும் பிள்ளை நெளிந்தது. சிணுங்கியது.

"ஆடட்டும் உடும்மா" என்றாள் கிளியம்மாள். "வவுத்துல இருக்க சொல்லோ நீ இப்டித்தானே நிக்காம ஓடிக்கினு இருந்திருப்பே. அதுக்கு அதான் பழக்கம்."

மிருதுளா காலை விட்டாள். அது ஆடியது. பிள்ளை மறுபடி தூங்கிப்போனது.