மிதந்து போன பூசணிப் பாத்தி

அன்று பாத்தியில் இருந்தது பூசணியா, சுரையா என்று இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை. பூசணி என்றே வைத்துக்கொள்கிறேன். அப்பா அதன்மேல் குடையோடு உட்கார்ந்திருந்தது மட்டும் நிச்சயம்.

எங்கள் ஊரில் பாதி வருடம் ஆறு வயலுக்குள்தான் குடியிருக்கும். அந்த மாதங்களில் ஆகாயத்தாமரையை அடுக்கி மிதித்து, மேலே சேறு போட்டு, தண்ணீரிலேயே மிதக்கும் பாத்தி கட்டிக் காய் போடுவோம். அக்கரையில் மாமா, அம்மாவின் அண்ணன். எங்கள் கரையை ஆறு அரித்து, அந்த மண்ணை மாமாவின் கரையில் கொண்டுபோய்ப் போட்டது. ஆற்றோடு சண்டை போட முடியாததால் அப்பா மாமாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

அந்த வருடம் கயிறு அறுந்து, எங்களுக்கிருந்த ஒரே பாத்தி நேராக மாமா வீட்டுப் படித்துறையில் போய் ஒதுங்கியது. தண்ணீர் வடிந்து பாத்தி யார் நிலத்தில் முழுதாகத் தரைதட்டுகிறதோ, அது அவருக்கு. அதற்குமுன் உரியவர் வாய்விட்டுக் கேட்டால் திருப்பித் தந்துவிட வேண்டும். ஊர் வழக்கம் அது.

"போய் ஒரு வார்த்தை கேளுங்க. அது போனா பிள்ளைங்களுக்கு என்னத்தப் போடுறது?" என்றாள் அம்மா.

"உங்கண்ணன்கிட்டயா? ஆறே அவன் கைக்குள்ள. மண்ணு போதாதுன்னு பாத்தியையும் வரவழைச்சிட்டான்."

ஆனாலும் என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். பாத்தி தனி ஆள் இழுத்து வருகிற பாரமில்லை. கேட்கவும் மனம் வரவில்லை. குடையை விரித்துக்கொண்டு பாத்திமேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். மாமா படியில் வந்து நின்றார். இருவரும் ஆற்றையே பார்த்தார்கள். தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது.

"ரெண்டு பேர் வாய்க்கும் பூட்டா போட்டிருக்கு?" என்று உள்ளேயிருந்து அத்தை கத்தினாள்.

பாத்தியின் ஒரு ஓரம் அடியில் மண்ணில் உரசியது. பாத்தி ஒரு பக்கம் சாய, அப்பா கொடிகளுக்குள் மல்லாந்து விழுந்தார்.

"மாப்ள, பாத்து! காய நசுக்கிடாதீங்க!"

"என் காய், நான் நசுக்குவேன். உங்களுக்கென்ன?"

"கேட்டுட்டீங்கள்ல? எடுத்துட்டுப் போங்க." மாமா வேட்டியை மடித்துக் கட்டித் தண்ணீரில் இறங்கினார்.

"நான் எங்க கேட்டேன்?"

"'என் காய்'னு சொன்னா கேட்ட மாதிரிதான். கயித்தப் பிடிங்க."

"நான் கேக்கல" என்று சொல்லிக்கொண்டே அப்பா இழுத்தார், மாமா தள்ளினார்.

அந்த வருடம் நாங்கள் தினமும் பூசணியே தின்றோம். பிறகு ஆறு மறுபடி திரும்பி, மாமாவின் மண்ணை எங்கள் கரைக்கே கொண்டுவந்தது. அப்பா இறந்துவிட்டார், கடைசிவரை தான் கேட்கவில்லை என்றார். மாமாவுக்குக் காது போய்விட்டது. அத்தை இன்னும் கத்துகிறாள். அம்மா என்னோடு இருக்கிறாள். அது சுரைக்காய்தான் என்கிறாள்.