ரூல் போதும் என்றார் மேனேஜர்

அக்கா நர்ஸ். வேலை நேரத்தில் தங்கைக்குப் போன் செய்யும் பழக்கமே அவளுக்கு இல்லை. அன்று காலை பதினொரு மணிக்குச் செய்தாள். எடுத்ததும் வெடித்தாள்.

"உங்க கம்ப்யூட்டர்ல இடி விழ! கம்பெனியே திருப்பிக் கேட்ட ஊசி மருந்துடீ. ஸ்கிரீன்ல இன்னும் 'கொடுக்கலாம்'னு காட்டுது. சிரிஞ்சுல ஏத்திட்டேன். சுவத்துல ஒட்டியிருந்த நோட்டீஸ்ல அதே பேட்ச் நம்பர் கண்ணுல பட்டுச்சு. படலேன்னா?"

அந்த மருத்துவமனையின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவள் தங்கைதான். என்ன நடந்திருக்கும் என்று பார்க்காமலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தடை செய்த மருந்தின் பேட்ச் எண் பட்டியலில் ஏறியதும் வார்டு ஸ்கிரீன் தானாகவே மாற வேண்டும். அதற்கு டேட்டாபேஸுக்குள் டிரிக்கர் என்ற தானியங்கி நிரல் வைக்கலாம் என்று மூன்று மாதம் முன்பே மேனேஜருக்கு மெயில் போட்டாள். இன்னொரு வழியான ரூல், வருகிற கட்டளையை மட்டும் மாற்றி எழுதும். ஆனால் கோப்பிலிருந்து மொத்தமாக எண்களைக் கொட்டினால் அது கண்டுகொள்ளாது. டிரிக்கர் அப்படியில்லை, எப்படி வந்தாலும் ஒவ்வொரு வரிக்கும் வேலை செய்யும். "ரூல் போதும்மா, ரெண்டு வரியில முடியுது" என்று பதில் போட்டார் மேனேஜர். இன்று காலை மருந்து ஸ்டோர்காரர் நாற்பது எண்களைக் கோப்பாக ஏற்றியிருந்தார். ஸ்கிரீனில் ஒன்றுகூட மாறவில்லை.

முதலில் நாற்பதையும் கையால் தடை செய்தாள். ரூலைத் தூக்கி எறிந்துவிட்டு டிரிக்கரை வைத்தாள். சோதனைக்காக ஒரு பொய் எண்ணைக் கோப்பில் போட்டு ஏற்றினாள். ஸ்கிரீன் உடனே மாறியது. பிறகு மேனேஜர் அறைக்குள் போனாள். கதவைத் தட்டவில்லை.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. ஸ்டோர்ல தப்பா ஏத்திட்டாங்கன்னு ரிப்போர்ட்ல எழுதிடு."

"அவர் சரியாத்தான் சார் ஏத்தினார். நான் டிரிக்கர் கேட்டதும், நீங்க வேணாம்னு பதில் போட்டதும் மெயில்ல இருக்கு. அதைத்தான் எழுதப் போறேன்."

"வேலை வேணாமா உனக்கு?"

"என் அக்கா அந்த மருந்தை சிரிஞ்சுலயே ஏத்திட்டா சார்!"

தலைமை டாக்டருக்கே ரிப்போர்ட் போனது. மாலைக்குள் மேனேஜரைக் கூப்பிட்டுக் கிழித்துவிட்டார்கள். அதைக் கேட்டும் தங்கைக்கு ஆத்திரம் ஆறவில்லை. அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

அக்கா கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, "இன்னைக்குக் கத்தினியே, அதை அவர் வேணாம்னு சொன்ன அன்னைக்கே ஏன்டீ கத்தல?" என்றாள்.