நீட்டிய கை

அந்தப் பல் கிளினிக்கில் டாக்டர் எதையும் கேட்டு வாங்குவதில்லை. நோயாளியின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டுவார். எது வேண்டுமோ அது அந்தக் கையில் வந்து உட்காரும். கண்ணாடியா, ஊசியா, குறடா என்று அவரும் சொல்ல மாட்டார், உதவியாளராக நிற்கும் இவளும் கேட்க மாட்டாள். சேர்ந்த புதிதில் குறடு கொடுக்க வேண்டிய நேரத்தில் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு முழித்தவள்தான். அதெல்லாம் பழைய கதை. இப்போது அந்தக் கை வெறுமனே திரும்பிப் போவதே இல்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

அவளுடைய நாத்தனாருக்கு மட்டும் இது மண்டையில் ஏறவே ஏறாது. கணவனின் அக்கா, வாயைத் திறந்தால் மூட வைக்க ஆள் கிடையாது.

"அடுத்தவங்க எச்சியக் குழா வச்சு உறிஞ்சுறதெல்லாம் ஒரு வேலையா? வெளிய சொல்லவே கூச்சமா இருக்கு!"

வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் காதுபடவே இப்படிக் கேட்பாள். தம்பிக்காரனோ, "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பொதுவாகத் தலையாட்டிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொள்வான்.

கடைசியில் நாத்தனாரே ஒரு வேலை பார்த்துவிட்டாள். தெரிந்தவர் ஆபீசில் வரவேற்பு மேஜை. "ஜம்முனு நாற்காலியில உக்காந்து வர்றவங்களுக்கு வணக்கம் சொல்ற வேலை. இன்னைக்கு சாயங்காலம் அவரு போன் பண்ணுவாரு. நீ வருவேன்னே சொல்லிடப் போறேன்" என்று காலையில் முடித்துவிட்டாள். இவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கிளினிக்குக்கு வந்து ஏப்ரனைக் கட்டினாள். இந்த முடிச்சைப் போடுவது இதுதான் கடைசியோ என்று தோன்றியது.

ஆனால் நாத்தனார் ஒன்றை மறைத்திருந்தாள். கடைவாய்ப் பல் ஒன்று அவளைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. மாத்திரையை விழுங்கி விழுங்கி ஓட்டியவளால் அன்று மத்தியானத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. கன்னம் வீங்கி, கண் கலங்கி, கைப்பையைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் வேறு பல் டாக்டர் இல்லாததால் அதே கிளினிக்கின் கதவைத் தள்ளினாள். தம்பி மனைவியைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தாள். பல் விடவில்லை.

"பிடுங்கிடலாம்மா. பல்லை ரெண்டா வெட்டித்தான் எடுக்கணும்" என்றார் டாக்டர்.

ஊசி போட்டு வாய் மரத்தது. தண்ணீரைத் தெளித்துக்கொண்டு இயந்திரம் சுழன்று பல்லை வெட்டி ஓய்ந்தது. நாற்காலியில் மல்லாந்திருந்த நாத்தனார் வழக்கம்போல இவளையே முறைத்தாள். அந்தப் பார்வையில் காலையில் வாங்கிய பேச்செல்லாம் திரும்பக் கேட்டது. டாக்டர் கையை நீட்டினார். இவள் குழாயைப் பிடித்தபடி கல்லாகிவிட்டாள்.

கை காற்றில் நின்றது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா?"

இவளுக்கு அவமானத்தில் காது சுட்டது. நாத்தனாரின் வாயில் தண்ணீர் நிரம்பித் தொண்டைக்குப் போய்க்கொண்டிருந்தது. மூச்சுத் திணறி, இருமி, இரண்டு கையாலும் நாற்காலியைப் பிறாண்டினாள். அடுத்து எழுந்து ஓடுவாள் என்று தெரிந்தது.

இவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாத்தனார் மேல் இல்லை, தன் மேல்தான். வீட்டில் இவள் வாயில்லாப் பூச்சியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். இது இவளுடைய இடம். குழாயை நாக்கோரம் சரியாக வைத்தாள். தண்ணீர் சர்ரென்று வடிந்தது. இன்னொரு கையிலிருந்து குறடு டாக்டரின் உள்ளங்கைக்குப் போய்ச் சேர்ந்தது.

"அண்ணி, என்னப் பாருங்க. மூக்கால மூச்சு விடுங்க. தண்ணி உள்ள போகாது, நான் பாத்துக்கறேன்."

அதட்டலும் அன்பும் கலந்த குரல். நாத்தனார் அப்படியே கேட்டாள். அதன்பின் அவள் கண் குழாயை விட்டு அகலவே இல்லை. ஒருமுறை இவள் அதைச் சற்று நகர்த்தியபோது, ஏப்ரன் நுனியைப் பிடித்து இழுத்துத் திரும்ப வைக்கச் சொன்னாள். டாக்டர் கை நீட்டிய போதெல்லாம் அது நிறைந்தது. பல் வந்துவிட்டது.

இவள் பஞ்சைச் சுருட்டி வைத்துக் கடிக்கச் சொன்னாள். "அரை மணி நேரம் வாயத் தொறக்கக் கூடாது அண்ணி. பேச்சே கூடாது."

அந்தக் குடும்பத்தில் யாருமே சொல்லத் துணியாத வார்த்தை அது. நாத்தனார் சாதுவாகத் தலையாட்டிவிட்டு ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

இவள் புதுக் கையுறை மாட்டி அடுத்தவருக்குத் தட்டைத் தயார் செய்துகொண்டிருந்தபோது நாத்தனாரின் கைப்பையில் போன் அடித்தது. ஆபீஸ்காரர். நாத்தனார் திரையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். எழுந்து வந்து போனை நீட்டினாள்.

"கையுறை போட்டுட்டேன் அண்ணி, எதையும் தொடக் கூடாது."

நாத்தனார் ஒரு கணம்தான் யோசித்தாள். பிறகு போனை அமுக்கி, தானே இவள் காதோரம் வைத்துப் பிடித்துக்கொண்டாள். மறு கையால், உன் இஷ்டம், சொல்லு என்று சைகை காட்டினாள்.

"மன்னிச்சுக்கங்க சார், நான் வரல. எனக்கு இங்க வேலை இருக்கு" என்றாள். வாய்விட்டுச் சொன்னதும் நெஞ்சு நிமிர்ந்தது. "ஆமா சார், பல் டாக்டர்கிட்ட. நல்ல வேலை."

அவர் ஏதேதோ நீட்டி முழக்கிக்கொண்டே போனார். நாத்தனாரின் கை வலித்திருக்கும். ஆனாலும் போனை இறக்கவில்லை. திடீரென்று அவளே போன் பக்கம் குனிந்து, பஞ்சுக்குள்ளிருந்து, "எங்க வீட்டுப் பொண்ணு... ரொம்ப..." என்று குழற ஆரம்பித்தாள்.

"அண்ணி! பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

நாத்தனார் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.