அத்தை மலை ஏறுமா?

கிளம்ப இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. அத்தை தன் பையைப் பிரித்து, துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கிவிட்டார் என்று அம்மா வந்து சொன்னாள்.

அப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தார். பிரஷை வாயிலேயே வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தான். எனக்குப் பார்க்க ஆள் இல்லை. நாயைப் பார்த்தேன்.

அத்தை அப்பாவின் அக்கா. ஓய்வு பெறும்வரை பார்சல் வேன் ஓட்டியவர், அதுவும் ஒரே நெடுஞ்சாலையில். அதில் ஓரிடத்தில் இடப்பக்கமாக ஒரு மலைப்பாதை பிரியும். மேலே ஏரி இருப்பதாகப் பலகை சொல்லும். அங்கே யாரும் பார்சல் அனுப்பியதில்லை, அத்தையும் திரும்பியதில்லை. வேலை முடிந்ததும் தன் வெள்ளைக் காரை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்துவிட்டார். அன்றிலிருந்து அப்பா சாவியை அவர் கையில் தந்ததே இல்லை. அக்கா ஓய்வெடுக்கட்டும் என்பார். அக்காவுக்கு ஓய்வு பிடிக்காது.

இந்தப் பயணமே அந்த மலைப்பாதைக்காகத்தான். அத்தை வராவிட்டால் நாங்கள் அங்கே போய் யார் முகத்தைப் பார்ப்பது?

திட்டமெல்லாம் மூன்று வாரமாகச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. உப்பு ஜாடிதான் ஏரி. மூக்குக் கண்ணாடிக் கூடு அடிவாரத்து விடுதி. அப்பாவின் பெல்ட் மலைப்பாதை. பக்கிள் இருக்கும் இடத்தில் சுரங்கம். நாயை எங்கெங்கே இறக்கிவிடுவது, பூனைக் கூடை யார் மடியில், ஜன்னலோரம் எத்தனை வளைவுக்கு ஒருமுறை கை மாறும் என்பதுவரை முடிவானது.

ஒரே சிக்கல், எதையும் வாய்விட்டுப் பேச முடியாது. எங்கள் நாயின் பெயர் அவசரம், பூனையின் பெயர் நிதானம். ‘கார்’ என்ற சொல் காதில் விழுந்தால் அவசரம் வாசலுக்கு ஓடிக் கதவைப் பிறாண்டும். நிதானம் பரணில் ஏறிவிடும். ஒன்றரை நாளுக்கு இறங்காது. போன வருடப் பயணம் பரணோடு முடிந்தது.

நான் விலங்கியல் படித்தவள் என்பதால் ஆராயும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இரண்டுக்குமே முழுச் சொல் தேவையில்லை என்று கண்டுபிடித்தேன். ‘காரம்’ என்றாலும் நாய் ஓடியது. ‘காரணம்’ என்றாலும் பூனை ஏறியது. அதன் பிறகு எங்கள் வீட்டில் சாப்பாடு உறைப்பாக மட்டுமே இருந்தது. எதற்கும் காரணம் இல்லாமல் போயிற்று.

முதலில் காரை ‘அத்தை வண்டி’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ‘வண்டி’யையும் இரண்டும் கற்றுக்கொண்டன. அதை வெட்டியதும் அத்தை மட்டும் மிஞ்சினார்.

நேற்று மாலை அத்தை குளிக்கிறார் என்று நினைத்துக் கொஞ்சம் தாராளமாகப் பேசிவிட்டோம்.

“இந்த வயசுல அத்தை மலை ஏறுமா?” என்று அண்ணன்தான் ஆரம்பித்தான்.

பாதி வழியில் புகை விட்டுக்கொண்டு நிற்கும் என்றார் அப்பா. பின்பக்கம் ஒரே நாற்றம், கழுவாமல் பக்கத்தில் வரமாட்டேன் என்றாள் அம்மா. இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்வோம், திரும்பி வந்ததும் வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று அப்பா முடித்துவைத்தார். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது.

இப்போது நால்வரும் அத்தையின் அறைக்குப் போனோம். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் நிதானம் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அதன் கூடை, மூடி திறந்தபடி. எங்கள் பின்னாலேயே வந்த அவசரம் கதவருகில் உட்கார்ந்தது.

“வாங்க,” என்றார் அத்தை. “கழுவியாச்சு. வேணும்னா மோந்து பாத்துக்கோங்க.”

“ஐயோ அண்ணி, அது உங்களச் சொல்லல,” என்றாள் அம்மா.

பின்னே யாரை என்று அத்தை கேட்டார். அம்மா வாயைத் திறந்தாள். பூனையைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

அப்பா முயன்றார். “அக்கா, அது வந்து... உன்னோடதுதான். வெள்ளையா இருக்கும். கீழ நாலு இருக்கும்.”

“எனக்கு ரெண்டுதான்டா இருக்கு.”

அண்ணன் காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டினான். என்னடா, ஜன்னல் துடைக்கிறாயா என்று கேட்டார். நான் பேனாவை எடுத்தேன். படிக்கிற கண்ணாடியைக் காணோம் என்றார். வேன் ஓட்டிய காலத்துக் கறுப்புக் கண்ணாடி மட்டும் அவர் தலைமேல் ஏறியிருந்தது. கூடத்துக்கு வா, சொல்கிறேன் என்று அப்பா கூப்பிட்டுப் பார்த்தார்.

“விக்கிற சாமான் தானா நடந்து வராதுடா. தள்ளித்தான் விடணும்.”

அப்பா தரையைப் பார்த்தார்.

“போயிட்டு வாங்க. உங்க உப்பு ஜாடிய நீங்களே பாத்துக்கோங்க. எனக்கு என்ன கா...” என்று அத்தை இழுத்தார். பூனையின் ஒரு காது திரும்பியது. அவசரம் எழுந்து நின்றது. நாங்கள் மூச்சை நிறுத்தினோம்.

“...லமா இல்ல, பாக்கறதுக்கு,” என்று முடித்தார்.

அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். முன் இருக்கை அக்காவுக்குத்தான் என்றார். அத்தை பூனையைத் தடவினார். விற்கிற பேச்சையே இனி எடுக்க மாட்டேன் என்றார் அப்பா. அத்தை மறுபடியும் தடவினார். ஒவ்வொரு தடவலுக்கும் அப்பா ஒரு படி இறங்கினார்.

“மலைப்பாதைல யாரு?” என்றார் அத்தை.

அப்பா வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து, பின்னால் வருகிறவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டே ஓட்டுகிறவர். அவர்கள் தன்னைப் பாராட்டி ஹாரன் அடிக்கிறார்கள் என்று நினைப்பவர். சத்தம் வராமலிருக்கக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த சாவியைப் பையிலிருந்து எடுத்தார்.

“அடிவாரம் வரைக்கும் நான். அதுக்கு மேல நீ.”

“இறங்கும்போது?”

“இறங்கும்போதும்.”

அத்தை சாவியை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்தார். பூனையை இரண்டு கையாலும் அலுங்காமல் தூக்கிக் கூடைக்குள் வைத்தார். மூடியைச் சாத்தி, இரண்டு கொக்கியையும் மாட்டி, பார்சலைச் சோதிப்பதுபோல ஒருமுறை இழுத்துப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

“என்னை ‘ஏறுமா’, ‘நிக்கும்’னு பேசற தைரியம் உங்க நாலு பேர்ல யாருக்குடா இருக்கு? அத்தைன்னா கார்னு எனக்கு மூணு வாரமாத் தெரியும்.”