குழாயடிக் காஞ்சொறி

நான்காவது நாளும் அந்த மனுஷன் காஞ்சொறிக்குள் வெறுங்காலோடு இறங்கி, வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்பிப் போனார். தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அவர் என் வீட்டுக்காரருக்கு அண்ணன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பாகம் பிரித்தபோது வீட்டின் முன்பாதி அவருக்கு, பின்பாதியும் கையகலத் தோட்டமும் எங்களுக்கு. முன்பக்கம் தனிக் குழாய் போட்டாயிற்று. ஆனாலும் வேனைக் கழுவ எங்கள் தோட்டத்துக் குழாய்தான் வேண்டும் அவருக்கு. என் பாத்திகளை மிதித்துக்கொண்டுதான் வருவார். கேட்டால், எங்கப்பன் நடந்த பாதை என்பார். கீரை போயிற்று, மிளகாய்ச் செடி போயிற்று. என் வீட்டுக்காரரோ வாயில்லாப் பூச்சி. அண்ணன் தலை தெரிந்தால் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார். தோட்டத்தைக் காப்பாற்ற நான்தான் வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன்.

காஞ்சொறியை வெகு நாளாகத் தொட்டியில் வளர்த்துவந்தேன். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, துணி வெட்டும் பழைய கத்தரியால் கொழுந்தை நறுக்கி, கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அதன் சுணையெல்லாம் அடங்கிவிடும். பூண்டு தட்டிப்போட்டு வதக்கினால் வேறு கீரையே வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டு வேன் ஓடாத இரண்டு மாதத்தில் அந்தச் செடிகளைப் பெயர்த்து, குழாய்க்குப் போகும் வழியில் நெருக்கி நட்டேன். தையல் குப்பையை வாரி அடியில் கொட்டினேன். நுனியைக் கிள்ளிக் கிள்ளி, கணுக்கால் மறைகிற அளவுக்குப் பக்கவாட்டில் படரவிட்டேன். ஒரு தடவை உரசினாலே அரை நாள் தீயாய் எரியும். பள்ளிக்கூடம் திறந்து வேன் கழுவ வரும்போது குதிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

குதிக்கவே இல்லை. எனக்குப் பணியக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறார், அத்தனை திமிர், என்றுதான் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் குழாயடி சிமெண்டில் ரத்தக்கறை. வெளியே போனேன். அவர் வாளி நிறையட்டும் என்று காத்திருந்தார். இரண்டு பாதமும் தடித்துச் சிவந்து கிடந்தன. இடது குதிகாலில் என் மெஷின் ஊசியின் உடைந்த பாதி ஏறியிருந்தது. நான் கொட்டிய குப்பையோடு போனது.

"கால்ல ஊசி ஏறியிருக்கு மாமா."

காலைத் தூக்கிப் பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல. பிடுங்கி எறிந்தார். முகம் சுளிக்கவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய் என்பது எனக்குத் தெரியும். கால் மரத்துப்போயிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

"எவ்ளோ நாளா கால்ல உணர்ச்சி இல்ல?"

குழாயை மூடினார். "ஒரு வருஷமா."

"அப்புறம் பிரேக்க எப்படி மிதிக்கிறீங்க?"

"பழக்கம்தான்." வாளியைத் தூக்கிக்கொண்டார். "யார்கிட்ட வேணா போய்ச் சொல்லு. நடக்கிற பாதையில காஞ்சொறி நட்டவ பேச்ச எவன் நம்புவான்?"

சொன்னேன். என் வீட்டுக்காரர் முதல் முறையாகப் பேப்பரை இறக்கி, அண்ணன் பிழைப்பில் மண்ணைப் போடாதே என்றார். பள்ளிக்கூட ஆபீசுக்குப் போனேன். அதற்குள் என் ஓரகத்தி முந்திக்கொண்டு, புருஷனின் புண்பட்ட காலைப் போனில் படம் எடுத்து, எல்லாம் என் செடி செய்த வேலை என்று காட்டிவிட்டுப் போயிருந்தாள். குடும்பச் சண்டையைக் குடும்பத்தோடு வைத்துக்கொள்ளுங்கள் அம்மா என்றார் அங்கிருந்த கிளார்க். வேனில் போகும் பதினோரு பிள்ளைகளுக்கும் யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தவள் நான். ஒவ்வொன்றின் தோள் அளவும் எனக்கு மனப்பாடம். அவமானத்தில் அழுகை வந்தது. செடியை நட்ட என் கையைத்தான் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை, எங்கள் சந்துப் பிள்ளைகள் மூன்று பேர் வேனில் ஏறி உட்கார்ந்தார்கள். வாசல் சரிவில் வண்டியைக் கிளப்பினார். நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். பம்பருக்கும் எனக்கும் இரண்டடி இருந்தால் அதிகம்.

ஹாரன் அடித்தார். நான் நகரவில்லை. செடி பத்தாதென்று இப்போது பிழைப்புக்கே வந்துவிட்டாளா என்று ஓரகத்தி கத்தித் தெருவையே கூட்டினாள். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் வீட்டின் பக்கவாட்டில் நின்று, உள்ளே வா, உள்ளே வா என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ளைங்கள இறக்கிட்டு எங்க வேணா போங்க மாமா," என்றேன்.

வண்டி ஒரு விரற்கடை முன்னால் உருண்டது. ஹாரன் நின்றுபோனது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் என்னைப் பார்க்கவில்லை. என்ஜின் உறுமிக்கொண்டிருக்க, தலையைக் குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே தன் கால் எங்கே இருக்கிறதென்று தேடிக்கொண்டிருந்தார்.