ஐந்து, ஐந்து, ஏழு

1
ராயபுரத்தில் எங்கள் பக்கத்து மொட்டைமாடியில் ஒரு செங்கல் வரிசை லேசாகக் கோணி நிற்பதைத் துணி காயப்போடும்போது பார்த்தேன். இந்தக் கதைக்கு அவ்வளவுதான் ஆரம்பம். மீதியை நான் கட்டினேன்.

'கடற்காற்றில் ஷைனியின் கூந்தல்...' வேண்டாம். ஷைனி கொண்டை போடுபவள்; டோல்கேட் பகுதியில் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். ஒற்றை அறை வீட்டில் மாமியார் சிலுவையம்மாளோடு ஒத்துப்போகாமல் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மாடியில் தனி அறை எழும்பினால்தான் திரும்புவாளாம்.

2
துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன் ஃப்ரெடி, கொத்தனார் வருவதற்குள் தானே மூலையைக் குறித்து ஒரு வரி செங்கல்லும் வைத்துவிட்டான். மூலையிலிருந்து இரண்டு பக்கமும் ஐந்தடி, முனைக்கு முனை குறுக்கே ஏழடி. (இவனை முட்டாளாக்க மனசு வரவில்லை. அம்மாவுக்கும் மனைவிக்கும் மீன் துண்டைக்கூடச் சமமாகப் பார்த்து வைப்பவன்.)

பார்க்க வந்த ஷைனி படியேறியதும் நின்றாள்.

"இன்னா ஃப்ரெடி, மூலை உள்ள சாயுது?"

"ரெண்டு பக்கமும் அஞ்சு. யாருக்கும் கொறை வெக்கல."

"ஐயஞ்சு இருவத்தஞ்சு, ரெண்டும் சேந்து அம்பது. ஏழேழு நாப்பத்தொம்போது. ஒண்ணு ஒதைக்குதே."

"ஒண்ணுதானே, வுடு."

"வுட்டு வுட்டுத்தான் அம்மா வூட்ல கீறேன்."

3
என் பழைய கதைகளில் இருவரையும் சமமாக நிறுத்தி முழுசாக முடித்துவிடுவேன். இங்கே கணக்கு விடவில்லை. செங்கோணத்தின் இரு பக்கங்களும் ஒரே முழு எண்ணாக இருந்தால், எதிர்ப்பக்கம் ஒருநாளும் முழு எண்ணாக வராது.

ஷைனி பிள்ளைகளுக்குச் சொல்லும் வழி வேறு. ஓர் ஒற்றைப்படை எண்ணை அதாலேயே பெருக்கி, அடுத்தடுத்த இரண்டு எண்களாகப் பிரிக்க வேண்டும். மூன்றுக்கு ஒன்பது: நான்கும் ஐந்தும். ஐந்துக்கு இருபத்தைந்து: பன்னிரண்டும் பதின்மூன்றும். அந்த மூன்று எண்களையும் பக்கங்களாக வைத்தால், அவை ஒன்றுபோல இருக்காது. மூலை நேராக நிற்கும்.

கயிற்றில் மூன்று, நான்கு, ஐந்தடி அளந்து முடிச்சுப் போட்டு வளையமாக்கினாள். ஒரு முடிச்சை ஃப்ரெடி பிடித்தான், ஒன்றை அவள். மூன்றாவதைப் பிடிக்க ஆளில்லை.

4
முடிவு ஒன்று: ஆணி அடித்துக் கட்டுகிறார்கள். (சிமெண்ட் தளம். இறங்காது.)

முடிவு இரண்டு: பக்கத்து மாடியிலிருந்து நானே தாண்டி... இந்த வரியை அடித்துவிட்டேன்.

சிலுவையம்மாள் காபி டம்ளர்களோடு மேலே வருகிறாள். தன்னைத் தள்ளி வைக்கப்போகும் அறைக்கு, அவளே மூலை பிடிக்க வேண்டும். ஃப்ரெடி வழக்கம்போல இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறான்.

ஷைனிதான் கயிற்றை நீட்டுகிறாள். "அத்தே, இத்த கொஞ்சம் இழுத்துப் புடிங்க. தளந்தா கோணிக்கும்."

சிலுவையம்மாள் டம்ளர்களைத் தரையில் வைக்கக் குனிகிறாள். நிமிரும்போது அவள் கையில் கயிறு இருந்ததா இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். என் துணி காய்ந்துவிட்டது, நான் கீழே இறங்குகிறேன். அந்த மாடியில் இப்போது நீங்கள்தான் இருக்கிறீர்கள்.